டேப்லெட் வாங்கலாமா என்று கேட்ட தோழிக்கு

ஜோர்ஜ்டவுன், பினாங்கு

அன்புத் தோழிக்கு,

உன் மடல் கிடைத்தது. மூத்தவளுக்குத் திருமணம் நிச்சயமான செய்தியைப் படித்து மனம் நிறைந்தேன். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வரும்போது மாப்பிள்ளையையும் அழைத்து வா. அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உங்கள் பள்ளி ஆலோசனை அறைக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் டேப்லெட் வாங்கித் தர முன்வந்திருப்பதாகவும், இனி வண்ணங்களையும் களிமண்ணையும் ஒதுக்கிவிடலாமா என்றும் கேட்டிருந்தாய். டேப்லெட்டை வாங்கு, களிமண்ணை ஒதுக்காதே.

வரைதல், வனைதல் வழியாக மன வேதனையை ஆற்றும் எங்கள் தொழிலுக்குக் கலைச் சிகிச்சை என்ற பெயரை 1942இல் இட்ட ஏட்ரியன் ஹில், காசநோய் விடுதியில் படுக்கையில் இருந்தபடியே வரைந்த ஓவியர். எழுந்து நடமாட முடியாதவரின் கைக்கு எட்டுவது எது என்ற கேள்வி எங்கள் தொழிலோடு பிறந்தது. அதற்கு டேப்லெட் நல்ல விடை. தொற்று அச்சத்தால் களிமண்ணும் தூரிகையும் அனுமதிக்கப்படாத மருத்துவமனை அறைக்குள், துடைத்துச் சுத்தம் செய்த டேப்லெட்டைக் கொண்டுபோகலாம். விரல்களில் பிசுபிசுப்புப் பட்டாலே பதறும் ஆட்டிசக் குழந்தைகள் சிலரும், பென்சிலை அழுத்திப் பிடிக்க வலுவில்லாதவர்களும் திரையில் தயங்காமல் வரைகிறார்கள். ஆனால் அந்தக் கண்ணாடிக்கு ஈரமும் இல்லை, எதிர்ப்பும் இல்லை. 1978இல் கேகின், லூஸ்பிரிங்க் என்ற கலைச் சிகிச்சையாளர்கள் இருவரும் வகுத்த கோட்பாடு, பொருளின் தன்மை மனத்தின் எந்த அடுக்கைத் தொடுகிறது என்று பார்க்கக் கற்றுத்தந்தது. கோபத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரும் பிள்ளைக்குப் பிசையவும் குத்தவும் ஏதாவது வேண்டும். எந்தச் செயலியும் அதைத் தராது.

நான் அதிகம் யோசிப்பது, செய்ததை ஒரே தொடுதலில் இல்லாமல் ஆக்கும் அந்தப் பொத்தானைப் பற்றித்தான். தவறு செய்ய அஞ்சி வெள்ளைத்தாளின் முன் உறைந்துபோகும் பிள்ளைக்கு அது பெரிய விடுதலை. அதே பொத்தான் இன்னொரு பிள்ளையை முடிவில்லாமல் அழிக்கவும் வைக்கிறது. தாளில் அழித்தால் தடம் மிஞ்சும். திரையில் எதுவும் மிஞ்சாது. ஒருவன் வீடு வரைந்து அதன் கதவை மட்டும் திரும்பத் திரும்ப அழிக்கிறான் என்றால், முடிந்த படத்தைவிட அந்த அழிப்பே எனக்கு முக்கியம். அதனால் வரையும்போது பக்கத்திலேயே அமர்ந்திரு. படத்தை மட்டும் பிறகு வாங்கிப் பார்க்காதே. இயன்றால், கண்ணாடித்தாள்போல ஒன்றன்மேல் ஒன்றாக வரும் அடுக்குகளில் வரையவும், அழிப்பதற்குப் பதிலாக அந்த அடுக்கை மறைத்துவைக்கவும் சொல்லிக்கொடு. இன்று பார்க்க முடியாததை அவனே விரும்பும் நாளில் திறந்து பார்க்கலாம் என்ற ஏற்பாடு, காகிதத்துக்கு எளிதில் வாய்க்காத ஒன்று.

கோவிட் பரவலால் 2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபின் காணொளி வழியாகவும் பணியாற்ற நேர்ந்தது. முகம் தெரிந்தால் கை தெரியாது, கை தெரிந்தால் முகம் தெரியாது. பக்கத்து அறையில் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் தெரியாது. தூரத்தில் இருப்பவர்களுக்காக அந்த வழியை இன்றும் வைத்திருக்கிறேன், ஆனால் முதல் சந்திப்பை நேரில் நடத்தவே விரும்புகிறேன்.

இனி நீ மிகவும் கவனிக்க வேண்டியது. டேப்லெட்டில் வரைந்த படம் யாரும் கேட்காமலேயே இணையச் சேமிப்பகத்துக்குப் போய், அதே கணக்கைப் பயன்படுத்தும் வேறொரு ஆசிரியரின் கைப்பேசியில் தோன்றக்கூடும். நம் மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூட்டரசுக்கும் மாநில அரசுகளுக்கும் பொருந்தாது என்பதால், அரசுப் பள்ளியில் இருக்கும் நீ சட்டம் காக்கும் என்று நம்பியிருக்க முடியாது. நீயே ஒழுங்கு வகுக்க வேண்டும். தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் வை, தானியங்கிச் சேமிப்பை நிறுத்து, படம் எங்கே இருக்கும், யார் பார்ப்பார்கள் என்பதைப் பிள்ளைக்கே புரியும்படி சொல். சொற்களைத் தட்டினால் படம் செய்து தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை இந்த அறைக்குள் விடாதே. பிள்ளையின் துயரம் அயலார் கணினிக்குப் போகும். அவன் கை செய்ய வேண்டிய வேலையும் அவனிடமிருந்து பறிபோகும்.

சங்கத்தினர் என்ன விலையில் பார்க்கிறார்கள் என்று எழுது. அழுத்தத்தை உணரும் எழுதுகோலுடன் வருவதாக இருந்தால், எண்ணிக்கை ஒன்றாகக் குறைந்தாலும் அதையே கேள். மிஞ்சும் பணத்தில் களிமண் வாங்கு.

அன்புடன்,
உன் பினாங்குத் தோழி