மச்சானுக்கு, ஸ்காபரோவிலிருந்து

ஸ்காபரோ, 2025 மார்ச் 16

மச்சான்,

நீ எழுதினதை நேற்று இரவு இரண்டு தரம் வாசித்தேன். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது பெரிய நிம்மதி, நான் சுகம் கேட்டதாக அவவுக்குச் சொல்லு. இங்கே கனடாவில் பனி உருகத் தொடங்கிவிட்டது, ரோட்டோரம் எல்லாம் கறுத்த சேறு. எனக்கு முழங்கால் நோ ஒன்றுதான், மற்றபடி சுகம். பஸ் ஓட்டுவதை விட்டபிறகு சனிக்கிழமைகளில் என்ன செய்கிறாய் என்று கேட்டிருந்தாய். அதற்கும் உன் மருமகன் குடும்பத்தோடு இங்கே வருகிற விஷயத்துக்கும் பதில் ஒன்றுதான், அதனால் சேர்த்தே எழுதுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

மார்க்கம் எக்ளின்டன் சந்திக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் காலை பத்து மணியிலிருந்து நானும் இன்னும் மூன்று பேரும் மேசை போட்டு இருப்போம். வருகிறவர்கள் ஒரு கடுதாசியை நீட்டுவார்கள், இல்லாவிட்டால் போனை நீட்டுவார்கள். எல்லாம் வாடகை வீட்டுப் பிரச்சினை. எங்கள் ஆட்கள் மட்டுமில்லை, ஆப்கானிஸ்தான்காரர், பிலிப்பைன்ஸ்காரர் எல்லாரும் வருகிறார்கள். நாங்கள் சட்டத்தரணிகள் இல்லை. வாசித்து விளங்கப்படுத்துவோம், படிவம் நிரப்புவோம், சிக்கலானதை இலவசச் சட்ட உதவி நிலையத்துக்கு அனுப்பிக் கூடவே போவோம்.

போன மாதம் ஒரு பிள்ளை வந்தாள். வவுனியாப் பக்கம், இரண்டு குழந்தைகள், புருஷனுக்கு பேக்கரி ஒன்றில் இரவு வேலை. ஒரு வீட்டின் நிலக்கீழ்த் தளத்தில், பேஸ்மென்ட்டில், வாடகைக்கு இருக்கிறார்கள். வீட்டுக்காரர் வாட்ஸப்பில் அனுப்பினதைக் காட்டினாள்: மகனுக்குக் கலியாணம், பேஸ்மென்ட் தேவை, மாத முடிவில் விட்டுவிடுங்கோ. அவ்வளவுதான். அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனேன். படி இறங்கினதும் கண்டது பெட்டிகளைத்தான். தமிழ்க் கடையில் கேட்டு வாங்கின வாழைப்பழப் பெட்டிகளில் பானை சட்டி எல்லாம் அடுக்கி, இடையில் பேப்பர் திணித்து, மேலே மூத்த மகள் மார்க்கரால் 'குசினி' என்று தமிழில் எழுதியிருந்தாள், 'ன'வுக்கு ஒரு சுழி கூடிப்போய். நாலு கோப்பையும் ஒரு சட்டியும்தான் வெளியே இருந்தன. போவதற்கு ஓர் இடமும் பார்த்திருக்கவில்லை. ஆனால் சாமான் கட்டியாகிவிட்டது.

ஏன் மச்சான் இப்படி? 2017இல் மாதம் 1,200 டாலர் வாடகைக்கு வந்தவர்கள். பழைய வீடு என்றபடியால் எங்கள் ஒன்டாரியோ மாகாண அரசாங்கம் ஒவ்வொரு வருடமும் அறிவிக்கிற வீதத்துக்கு மேல் வாடகையைக் கூட்ட முடியாது. 2025இல் அது 2.5 வீதம், கொரோனா நேரம் 2021இல் பூச்சியம். அப்படிக் கூடிக் கூடி இப்போது 1,380 அளவில் நிற்கிறது. அதே பேஸ்மென்ட்டை இன்று புது ஆளுக்குக் கொடுத்தால் 2,000 கேட்கலாம், ஏனென்றால் இருக்கிற ஆள் வெளிக்கிட்டுவிட்டால் ஒன்டாரியோவில் அந்தக் கட்டுப்பாடும் போய்விடும், புது வாடகை வீட்டுக்காரர் சொல்வதுதான். வீடு தேடுவதைவிட இருக்கிற வீட்டைக் காப்பாற்றுவதுதான் இங்கே பெரிய அலுவல் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான். சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம் 2025 மார்ச்சில் மணிக்கு 17.20 டாலர், கிழமைக்கு நாற்பது மணித்தியாலம் முறிந்து வேலை செய்தாலும் வரி கழிக்க முதலே மாதம் 3,000 வராது. அதில் 2,000 வாடகைக்குப் போனால் சாப்பாட்டுக்கு என்ன மிஞ்சும் என்று நீயே கணக்குப் பார்.

வாட்ஸப்பில் வந்தது நோட்டீஸே இல்லை என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். தனக்கோ பிள்ளைக்கோ வீடு தேவை என்றால் என்-12 என்று ஒரு படிவம் இருக்கிறது, அதில் அறுபது நாள் அவகாசம் கொடுக்க வேண்டும், ஒரு மாத வாடகையை நட்டஈடாகக் கொடுக்க வேண்டும், வருகிறவர் குறைந்தது ஒரு வருடமாவது அங்கே இருக்க உண்மையாகவே எண்ணியிருக்க வேண்டும். படிவம் வந்தாலும் உடனே போக வேண்டியதில்லை, வாடகைத் தீர்ப்பாயம் விசாரித்து உத்தரவு போட வேண்டும், அதற்குப் பிறகும் பூட்டை மாற்ற ஷெரிப் என்கிற நீதிமன்ற அதிகாரிதான் வரலாம், வீட்டுக்காரர் மாற்ற முடியாது. இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னாள், "அண்ணை, அவை எங்கட ஊர்ப்பக்கம். வந்த புதுசில கம்பளியும் கட்டிலும் தந்தவை. அவையோட எப்படி வழக்காடுறது?"

இதுதான் எனக்கு எப்போதும் தொண்டையில் நிற்கிற இடம். அவள் சொன்னதில் பொய்யில்லை. எங்கள் சனத்துக்கு முதல் கூரை கொடுத்தது பெரும்பாலும் எங்கள் சனம்தான். நான் 87இல் வந்தபோது செயின்ட் ஜேம்ஸ் டவுனில் ஒற்றை அறை வீட்டில் ஏழு பேர் இருந்தது உனக்குத் தெரியும், பகல் வேலைக்காரன் எழும்ப இரவு வேலைக்காரன் அதே மெத்தையில் படுப்பான். அந்த வீட்டை ஒரு யாழ்ப்பாணத்து அண்ணைதான் தன் பெயரில் எடுத்துத் தந்தார். அந்த நன்றி எனக்கு இன்றும் இருக்கிறது. ஆனால் நன்றிக்காக இரண்டு குழந்தைகளைக் கொண்டுபோய் நடுரோட்டில் நிற்க முடியாது.

நான் வீட்டுக்காரரிடம் போனேன். நல்ல மனுசன், தேத்தண்ணி தந்தார். அவருக்கும் கழுத்தில் கயிறுதான், மத்திய வங்கி வட்டியை 2022 மார்ச்சில் 0.25இல் இருந்து அடுத்த வருடம் ஜூலைக்குள் 5 வீதத்துக்கு ஏற்றினபோது அவருடைய வீட்டுக் கடன் தவணை எங்கேயோ போய்விட்டது. மகன் உண்மையிலேயே கீழே வந்து இருக்கப்போகிறானா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "இல்லை" என்றார். பொய்க் காரணம் சொல்லி எழுப்பினால் போன ஆட்கள் ஒரு வருடத்துக்குள் தீர்ப்பாயத்தில் முறையிடலாம், பன்னிரண்டு மாத வாடகைவரை கட்டச் சொல்லவும் இடமிருக்கிறது என்று விளங்கப்படுத்தினேன். மிரட்டவில்லை, அவருக்கும் அது தெரியாது. சரி, இருக்கட்டும், சட்டப்படி கூட்டுவதை மட்டும் கூட்டுகிறேன் என்றார். பெட்டிகளை அவிழ்த்துவிட்டார்கள். ஆனால் மேல்வீடும் கீழ்வீடும் இப்போது முகம் பார்த்துக் கதைப்பதில்லை, அந்தப் பிள்ளைக்கு அது பெரிய வேதனை.

இன்னொரு குடும்பம் எங்களிடம் வர முதலே வீட்டை விட்டுவிட்டது. வாயால் சொன்ன ஒரு சொல்லுக்கு, ஒரு கிழமையில். இப்போது ஒஷாவாவில் 2,300 கொடுக்கிறார்கள். பெடியன் பள்ளிக்கூடம் மாறிவிட்டான், தகப்பன் விடிய நாலு மணிக்கு ஸ்காபரோ பக்டரிக்கு வெளிக்கிடுகிறார். முதல் நாளே யாராவது ஒருவர் அந்த மனுசனுக்குச் சொல்லியிருக்கலாம்.

அரசாங்க வீடு கிடைக்காதா என்று கேட்டாய். விண்ணப்பம் கட்டாயம் போடச் சொல்லு, வருமானத்தின் முப்பது வீதம்தான் வாடகை, ஆனால் டொரொன்டோவில் 80,000க்கும் மேற்பட்ட குடும்பங்கள் வரிசையில் நிற்கின்றன, பத்து வருடத்துக்கு மேலும் காத்திருக்கிறார்கள். அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

உன் மருமகனுக்கு நீ இப்போதே சொல்ல வேண்டியது சில இருக்கிறது. வந்த புதிதில் கிரெடிட், அதாவது இங்கே கடன் வாங்கித் திருப்பிக் கட்டின பதிவு, இல்லை என்று சொல்லி ஆறு மாத வாடகையை முன்னாலேயே தா என்பார்கள். அப்படிக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை, கடைசி மாத வாடகை ஒன்றை மட்டும்தான் வைப்பாகக் கேட்கலாம், வீடு பழுதானால் என்று தனியாகக் காசு வாங்கவும் முடியாது. உத்தரவாதத்துக்கு ஆள் கேட்டால் நான் கையெழுத்து வைக்கிறேன். மற்றது, வீட்டுக்காரரோடு குசினியோ குளியலறையோ பங்குபோடுகிற இடம் வேண்டவே வேண்டாம், அப்படி இருந்தால் நான் மேலே எழுதின பாதுகாப்பு ஒன்றும் பொருந்தாது. இது பலருக்குத் தெரியாமல் போய் மாட்டுப்படுகிறார்கள். வாடகையைக் கையில் காசாகக் கொடுத்தால் ரசீது கேட்கச் சொல்லு, கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும். ஒரு மாதம் கட்ட முடியாமல் போனால் ஒளிக்காமல் எனக்குச் சொல்லட்டும். பிந்தின வாடகைக்கு நகரசபையின் வாடகை வங்கி என்று ஒன்று இருக்கிறது, முந்தி கடனாகக் கொடுத்தார்கள், இப்போது திருப்பிக் கேட்பதில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று மாதம் வாய்மூடி இருந்தவர்களைத்தான் காப்பாற்றக் கஷ்டப்படுகிறோம்.

அவருடைய பழைய வாடகை ரசீதுகள், வேலைக் கடிதம், வங்கிக் கணக்கு விபரம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எடுத்து ஒரு பைலில் போட்டுக் கொண்டுவரச் சொல்லு. வந்து முதல் இரண்டு மாதம் எங்கள் வீட்டில் இருக்கட்டும், மேலே ஒரு அறை சும்மா கிடக்கிறது, மனுசியும் ஓம் என்றுவிட்டா. அவசரப்பட்டு எடுக்கிற வீடுதான் பிறகு கழுத்தை நெரிக்கும்.

பிளைட் நேரம் தெரிந்ததும் அனுப்பு. பிள்ளைகளின் குளிர்ச்சட்டை அளவையும் எழுது, இப்போது கடைகளில் மலிவுவிற்பனை நடக்கிறது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி