பீட்டர் கிரீன் 1970-இல் செத்துப்போகவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் கிடார் கலைஞர் பீட்டர் கிரீன் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ராமநாதபுரம் பக்கம் கல்யாணம், முளைக்கொட்டு, சர்ச் திருவிழா என்று மெல்லிசைக் குழுவில் கிடார் வாசித்துக் காலம் தள்ளுகிறவன் நான். பிரிட்டிஷ் ப்ளூஸ் இசைக்குத் தமிழ்ப் பேப்பரில் அரைப் பக்கம் கிடைத்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். படித்து முடித்தபோது கோபம்தான் வந்தது. 23 வயசு வரைக்கும் மேதை, அப்புறம் போதை, பைத்தியம், நீள நகம், துப்பாக்கி, அவ்வளவுதான் கதை என்று மூடிவிட்டீர்கள். மனுஷன் அதற்கப்புறம் 50 வருஷம் இருந்தார் சார்.

முதல் பாதி சரியாகத்தான் இருக்கிறது. 1946-இல் லண்டன் பெத்னல் கிரீனில் யூதக் குடும்பத்தில் பிறந்தது, 1966-இல் ஜான் மேயாலின் ப்ளூஸ் குழுவில் பிரபல கிடார் கலைஞர் எரிக் கிளாப்டன் விட்டுப்போன இடத்துக்கு 19 வயசில் வந்து நின்றது, அடுத்த வருஷமே தனிக்குழு. அந்தக் குழுவுக்குத் தன் பெயரை வைக்காமல் டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட், பேஸ் வாசிக்கும் ஜான் மெக்வீ இருவர் பெயரையும் சேர்த்து 'ஃப்ளீட்வுட் மேக்' என்று வைத்தாரே, அதை ஒரு வரி எழுதியிருக்கலாம். மெக்வீ அப்போது குழுவில் சேரவே இல்லை என்பது தனிக்கூத்து.

ஆனால் 'மின்னல் வேக விரல்கள்' என்று போட்டிருக்கிறீர்கள் பாருங்கள், அதை எழுதியவர் அவர் வாசித்ததைக் கேட்டிருக்கவே மாட்டார். பிரிட்டனில் முதலிடம் பிடித்த அவருடைய 'ஆல்பட்ராஸ்' (1968) வார்த்தையே இல்லாத இசை, எங்கேயும் அவசரம் கிடையாது. ஒரு ஸ்வரத்தைத் தொட்டு, கம்பியை லேசாக இழுத்து, அது அடங்கும்வரை காத்திருந்துதான் அடுத்ததுக்கே போவார். கச்சேரியில் கைதட்டலுக்காக ஒரே மூச்சில் நாற்பது நோட்டைக் கொட்டுகிற எங்களுக்கெல்லாம் அந்தக் காத்திருத்தல்தான் வராது. அவருடைய 1959 லெஸ் பால் கிடாரில் கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை வாங்கி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்புகிற சாதனம்) காந்தம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது, அதனால் இரண்டு பிக்கப்பையும் சேர்த்துப் போட்டால் ஜலதோஷம் பிடித்தவர் மூக்கால் பாடுவது மாதிரி ஒரு உள்ளொடுங்கிய சத்தம் வரும், அதை வைத்தே அழவிடுவார். அந்தக் கிடாரை அவர் பின்னால் கேரி மூர் என்ற கிடார் கலைஞருக்கு அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டார், இன்று அது மெட்டாலிகா ராக் குழுவின் கிர்க் ஹாமெட்டிடம் இருக்கிறது.

சரி, நோய்க்கு வருகிறேன். 1970-இல் ம்யூனிக்கில் எல்.எஸ்.டி. எடுத்த இரவைத்தான் அவருடைய சகாக்கள் காரணம் காட்டினார்கள். அது கிளப்பிவிட்டிருக்கலாம். அவருக்கு இருந்தது ஸ்கிசோஃப்ரினியா, மனச்சிதைவு நோய், மருத்துவர்கள் கண்டுபிடித்துச் சொன்னது. சம்பாதித்த காசை எல்லாம் தானம் பண்ணிவிடலாம் என்று குழுவைக் கெஞ்சியவர், 1977-இல் எனக்குக் காசு அனுப்பாதே என்று தன் கணக்காளரையே துப்பாக்கியைக் காட்டி மிரட்டியதாக வழக்கானது, மனநல மருத்துவமனையில் மின்அதிர்ச்சிச் சிகிச்சை வரை போனது. நீங்கள் இதைத் துணுக்கு மாதிரி எழுதிவிட்டீர்கள், நோயாளியை வைத்திருக்கிற வீட்டில் இதைப் படித்து யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அப்புறம் நடந்ததுதான் நீங்கள் விட்டது. எண்பதுகளில் ரொம்ப மோசமாகிக் கிடந்தவரை அவருடைய அண்ணன் லென்னும் மதினி குளோரியாவும் இங்கிலாந்தில் கோர்ல்ஸ்டன் என்கிற கடலோர ஊரில் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துப் பார்த்தார்கள். அங்கேதான் மெதுவாகத் தேறினார். 1998-இல் நியூயார்க்கில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் விழாவில், தன் பாட்டை உலகம் முழுக்கக் கொண்டுபோன கிடார் கலைஞர் சந்தானாவோடு சேர்ந்து அதே 'பிளாக் மேஜிக் வுமன்' பாட்டை வாசித்தார். ஸ்ப்ளின்டர் குரூப் என்ற குழுவோடு ஊர் ஊராகப் போனார், பழைய அமெரிக்க ப்ளூஸ் கலைஞர் ராபர்ட் ஜான்சனின் பாட்டுகளை மட்டும் வைத்து இரண்டு ஆல்பம் போட்டார். பழைய கை முழுசாகத் திரும்பவில்லை, மாத்திரை ஆளை மந்தமாக்கும், பல இடங்களில் அந்தக் குழுவின் இன்னொரு கிடார்காரர் நைஜல் வாட்சன் தாங்கிப் பிடிப்பது கேட்டாலே தெரியும். அதனால் என்ன? 2020 ஜூலையில் தன் 73-ஆம் வயதில் தூக்கத்திலேயே காலமானார்.

இதற்கு ஏன் இவ்வளவு பொங்குகிறேன் என்றால், நான் ஏர்வாடிக்காரன், மனநோய் தீரும் என்று நம்பி நோயாளிகளைக் கூட்டிவருகிற தர்கா இருக்கிற ஊர். 2001 ஆகஸ்ட் 6 விடிகாலையில் இங்கே ஒரு காப்பகத்துக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை, 28 பேர் செத்தார்கள். அதே காலத்தில் அதே மாதிரி நோய் உள்ள பீட்டர் கிரீன் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தார். சங்கிலி போட்டவர்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. நகையை விற்று, தர்கா பக்கம் வாடகை அறை எடுத்து, மகன் கூடவே மாசக்கணக்காகத் தங்கின தாய்மாரை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். மாத்திரையால் தேறலாம், தேறியபின் வேலையும் பார்க்கலாம் என்று அவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்துவிட்டது, மயக்க மருந்து இல்லாமல் மின்அதிர்ச்சி கொடுப்பதையும்தான். ஆனால் பேப்பரில் 'பைத்தியமாகி அழிந்தான்' என்று வந்தால் எந்த வீட்டில் நம்பிக்கையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவார்கள்?

மறுப்பெல்லாம் போட வேண்டாம். அந்த மிச்ச 50 வருஷத்தை எழுத இன்னொரு அரைப் பக்கம் கொடுங்கள், அவருடைய அண்ணன் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதச் சொல்லுங்கள். கீழே சின்னதாக ஒரு கட்டம் கட்டி அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-ஐயும் போடுங்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஏர்வாடி தர்கா, ராமநாதபுரம் மாவட்டம்.