சவாரி முறையை மாற்றிப் பழக வயது தடையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குதிரையேற்றம் பற்றிப் பத்திரிகைகளில் எப்போது எழுதினாலும் கூட வரும் படம் சின்னப் பிள்ளைகளுடையதாகவே இருக்கிறது, சிறு வயதில் பழகாவிட்டால் பிறகு வராது என்ற பேச்சும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. அது சரியில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் இளவயதில் இங்கிலீஷ் முறையில் சவாரி பழகியவள். இப்போது, ஐம்பதைத் தாண்டிய பிறகு, வெஸ்டர்ன் முறையைக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

இரண்டும் ஒரே குதிரைதானே, சேணம் மட்டும்தானே வேறு என்று பலர் கேட்கிறார்கள். இல்லை. இங்கிலீஷ் முறையில் இரண்டு கைகளிலும் லகான் இருக்கும், குதிரையின் வாயோடு கைக்கு மெல்லிய தொடர்பு அறுபடாமல் இருந்துகொண்டே இருக்க வேண்டும். வெஸ்டர்ன் முறையில் முழுதாகப் பழகிய குதிரையை ஒற்றைக் கையால் நடத்துகிறோம். லகான் தொய்வாகக் கிடக்கும், இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் வலப்பக்க லகான் கழுத்தில் லேசாகப் பட்டாலே போதும். மெக்சிகோவில் மாடு மேய்த்த வக்கேரோக்களின் வழியாக வந்த முறை இது. ஒரு கையால் கயிறு வீச வேண்டும், பொழுதெல்லாம் சேணத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும், அந்த வேலைதான் இந்த முறையை உருவாக்கியது. சேணத்தின் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் கொம்பு கூட மாட்டின் மேல் விழுந்த கயிற்றைச் சுற்றிக்கொள்வதற்காக வைத்ததுதான்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பழைய பழக்கம் உடம்பில் ஊறியிருக்கிறது. இங்கிலீஷ் முறையில் டிராட் என்னும் மிதமான துள்ளல் ஓட்டத்தில் ஒரு தாளத்துக்கு எழுந்து அடுத்ததுக்கு உட்காருவோம், வெஸ்டர்ன் முறையில் ஜாக் என்னும் அதன் மெதுவான வடிவத்தில் உட்கார்ந்தே இருக்க வேண்டும், ஆனால் இடுப்பு தானாக எழப் பார்க்கும். அதையாவது சில வாரங்களில் அடக்கிவிடலாம். கைதான் கடினம். வெஸ்டர்ன் குதிரைக்கு லகான் தளர்வதுதான் 'நீ செய்தது சரி' என்ற பதில். அது தளராமல் இழுபட்டே இருந்தால் குதிரை நிற்கச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளும், அதே நேரம் நம் கால்கள் விலாவை அழுத்தி 'போ' என்கின்றன, அப்புறம் அது என்னதான் செய்யும்? காதைப் பின்னால் மடக்கும், வாலை விசிறும், தலையை உதறும். நெம்புகோல் போல வேலை செய்யும் நீண்ட கம்பிகள் கொண்ட கடிவாளம் போட்டிருந்தால் சின்ன இழுப்பு கூட வாயில் பெரிதாக விழும் என்பதையும் மறக்கக் கூடாது.

இந்த இடத்தில்தான் பயிற்சியாளர்கள் பலர் குதிரை முரண்டு பிடிக்கிறது என்றோ, உங்களுக்கு வயதாகிவிட்டது என்றோ சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு இது உண்மையாகவே வருத்தம் தருகிறது. இரண்டுமே காரணம் இல்லை. அந்தக் குதிரைக்கு எந்தச் சைகைக்கு என்ன பொருள் என்பதை ஏறுவதற்கு முன்பே யாரும் சொல்லித் தருவதில்லை, அவ்வளவுதான்.

மாற்றுவழி புதியதும் அல்ல. வியன்னாவில் உள்ள ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியில் பயிற்சிக்குச் சேருபவர்களை நீளக் கயிற்றில் வட்டமாக ஓடும் குதிரையின் மேல், லகானும் கால் வைக்கும் அங்கவடியும் இல்லாமல் உட்கார வைத்துத்தான் தொடங்குகிறார்கள். முறை மாறி வரும் பெரியவர்களுக்கு இதைவிட ஏற்ற பயிற்சி எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் கையில் எதுவும் இல்லாதபோது பழைய கைப்பழக்கத்துக்கு வேலையே இல்லை. பெரியவர்கள் 'ஏன்' என்று கேட்பார்கள், அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லவும் வேண்டும்.

வயதைப் பற்றிப் பேசுபவர்கள் ஜப்பானின் ஹிரோஷி ஹோகெட்சுவை நினைத்துப் பார்க்கட்டும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் இறங்கியது தடை தாண்டும் போட்டியில். பிறகு, குதிரையை நுட்பமான அசைவுகளில் நடத்திக் காட்டும் டிரெஸ்ஸாஜ் போட்டிக்கு மாறி, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 71 வயதில் போட்டியிட்டார். டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டெல் போலியோவால் முழங்காலுக்குக் கீழே வலுவிழந்தவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், டிரெஸ்ஸாஜில் பெண்களை முதன்முதலாக அனுமதித்த அந்த ஆண்டிலேயே, வெள்ளி வென்றார், 1956-இல் மறுபடியும். அதற்கும் முன்னால், இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடெரிகோ கப்ரில்லி, தடை தாண்டும்போது பின்னால் சாயாமல் குதிரையோடு முன்னால் போக வேண்டும் என்று சொன்னபோது, ஏற்கெனவே தேர்ந்த படைவீரர்கள்தானே உட்காரும் விதத்தையே மாற்றிப் பழகினார்கள்? இன்று உலகமெங்கும் அப்படித்தான் தாண்டுகிறார்கள்.

எனவே இனி இந்த விளையாட்டைப் பற்றி எழுதும்போது நாற்பதிலும் அறுபதிலும் கற்பவர்களையும் சந்தித்து எழுதுங்கள். பயிற்சி நிலையங்கள் பெரியவர்களைப் பிள்ளைகளின் வகுப்பில் ஓரமாகச் சேர்க்காமல் தனி நேரம் ஒதுக்கட்டும், முதல் வகுப்புகளுக்குப் பதற்றப்படாத, வயதில் மூத்த குதிரையைக் கொடுக்கட்டும். சேர நினைப்பவர்களும் பணம் கட்டுவதற்கு முன் ஒரு வகுப்பை ஓரமாக நின்று பார்த்து, குதிரை சரியாகச் செய்த நொடியில் லகானைத் தளர்த்தச் சொல்கிறாரா பயிற்சியாளர் என்று கவனியுங்கள். சொல்லவில்லை என்றால் வேறு இடம் தேடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி