அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்துப் பார்மாவில் இருக்கும் அண்ணாவுக்கு

அன்புள்ள அண்ணா,

இன்று மீண்டும் பிப்ரவரி 24. ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்த நாள். மே மாதம் பாப்பாவின் பட்டமளிப்பு விழாவுக்கு வருகிறேன். தொலைபேசியில் சொன்னால் இருவரும் குரலை உயர்த்திவிடுவோம், அதனால்தான் எழுதுகிறேன். உறவினர்களும் படிப்பார்கள். உங்கள் வீட்டில் நாம் சண்டை போட்ட அன்று அண்ணி சொன்னதையும் நான் திருப்பிச் சொன்னதையும் இங்கே விட்டுவிடுகிறேன்.

2024 ஏப்ரல் 20, சனிக்கிழமை. உக்ரைனுக்கு ஏறத்தாழ 61 பில்லியன் டாலர் உதவி தரும் மசோதா அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 311, எதிர்ப்பு 112. எதிர்த்த அத்தனை பேரும் உங்கள் குடியரசுக் கட்சிக்காரர்கள். அந்தக் கட்சியில் ஆதரித்தவர்கள் 101 பேர்தான். சபையில் சிலர் உக்ரைனின் சிறிய நீல மஞ்சள் கொடிகளை அசைத்தார்கள். "அந்தக் கொடியைக் கீழே போடச் சொல்!" என்று தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்தினீர்கள்.

அண்ணா, 2022 மார்ச்சில் அதே கொடியை வீட்டு வாசலில் கட்டியவர் நீங்கள். பக்கத்து வீட்டு உக்ரைன் பாட்டியின் பேரன் கார்கிவில் சிக்கிக்கொண்டபோது இரவெல்லாம் அவரோடு உட்கார்ந்திருந்தவரும் நீங்கள். நீங்கள் கத்திய நேரத்தில் அந்தப் பாட்டி தன் வாசலில் சருகு கூட்டிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தார், மறுபடி குனிந்துகொண்டார். அதற்கு மேல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பாதிச் சாப்பாட்டில் எழுந்து காரை எடுத்ததில் உங்கள் மனம் நொந்துவிட்டது என்று பாப்பா சொன்னாள். அந்த வலிக்கு வருந்துகிறேன். எழுந்து போனதற்கு வருந்தவில்லை.

உக்ரைனுக்கு அளவுக்கு மீறி உதவுகிறோம் என்று 2022 மார்ச்சில் சொன்ன குடியரசுக் கட்சியினர் பத்தில் ஒருவர்கூட இல்லை. 2023 முடிவதற்குள் ஏறக்குறைய பாதிப் பேர் அப்படிச் சொன்னார்கள். பியூ ஆய்வு மையத்தின் கருத்துக்கணிப்பு இது. சிரியா விஷயத்திலும் கருத்து இப்படித்தான் மாறியது. எங்கள் ஜனநாயகக் கட்சியின் ஒபாமா அங்கே குண்டுவீச நினைத்த 2013இல் உங்கள் கட்சியினரில் 22 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். உங்கள் கட்சியின் டிரம்ப் வீசிய 2017இல் 86 சதவீதம்.

'உன் கட்சி யோக்கியமா?' என்பீர்கள். 2012இல் ரஷ்யாவே நம் முதல் எதிரி என்ற உங்கள் அதிபர் வேட்பாளர் ராம்னியை ஒபாமா கேலி செய்தபோது எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். பின்னர் அதே ஆட்கள் ரஷ்யா என்ற பெயரைக் கேட்டாலே கொதித்தார்கள். மறுக்கவில்லை.

ஆனால் 2003இல், ஈராக் போரை எதிர்த்து நியூயார்க்கில் ஊர்வலம் போன எனக்கு வாண்டன்பெர்க் கதை சொன்னவர் நீங்கள். எதிர்க்கட்சி அதிபர் ட்ரூமனோடு சேர்ந்து நேட்டோ ராணுவக் கூட்டணிக்கு வழிவகுத்த குடியரசுக் கட்சி செனட்டர்; கடல் தாண்டினால் கட்சிச் சண்டை கூடாது என்றவர். எவ்வளவு கண்டிப்பாகச் சொன்னீர்கள்! அந்தப் பாடம் தங்கைக்கு மட்டும்தானா?

இந்த நாட்டுக்கு நான் வந்த முதல் குளிர்காலத்தில், உங்கள் ஒரே கோட்டை எனக்குப் போட்டுவிட்டு ஸ்வெட்டரோடு வேலைக்குப் போனீர்கள். அந்த மனிதருக்குத்தான் எழுதுகிறேன்.

ஓஹாயோவில் ஆலைகள் மூடிக்கிடக்கும்போது வரிப்பணம் ஏன் வெளியே போகிறது என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். உக்ரைனுக்குப் போன 31 ஆப்ராம்ஸ் டாங்கிகளின் வகையைத் தயாரிப்பது உங்கள் ஓஹாயோவின் லிமா ஆலை என்பேன் நான். நீங்கள் கடனைச் சொல்வீர்கள், எல்லைப் பாதுகாப்பைச் சொல்வீர்கள். விடியும்வரை பேசலாம். முந்தைய இரவு தொலைக்காட்சியில் கேட்டதை மறுநாள் காலை உங்கள் குரலில் கேட்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மே மாதம் வந்ததும் பாட்டியைப் பார்க்கப் போவேன். நீங்களும் கூட வர வேண்டும். வர முடியாது என்றால் காரணத்தை எழுதுங்கள். அது நீங்களே யோசித்த காரணமாக இருக்கட்டும்.

உங்கள் தங்கை