கால் விரல் பலம்: 9 கிலோ எப்படி 7 ஆனது?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் நம் செருப்புக் கடை மெஷினில் விரலை மடக்கி இழுத்து, கால் விரல் பலம் எத்தனை கிலோ என்று பார்த்துச் சீட்டு வாங்கிப் போன ஒரு பெரியவர், இந்த மாதம் மறுபடி வந்தார். அப்போது 9 கிலோ, இப்போது 7. "தினமும் துண்டைத் தரையில் விரித்து விரலால் சுருட்டிக்கொண்டுதானே இருக்கிறேன், எப்படிக் குறையும்? மெஷின் ரிப்பேரா தம்பி?" என்றார். நியாயமான கேள்வி. முத்திரை போட்ட 5 கிலோ எடைக்கல்லை மெஷின் கொக்கியில் தொங்கவிட்டுப் பார்த்தோம். சரியாக 5 காட்டியது. அப்படியானால் தப்பு எங்கே? நாங்கள் அவரை உட்காரவைத்த விதத்தில்.

விரலை மடக்குவது உள்ளங்காலின் சின்னத் தசைகள் மட்டும் அல்ல. கெண்டைக்காலில் தொடங்கி, கணுக்காலின் உட்பக்கமாக வளைந்து, விரல் நுனிவரை வருகிற நீளத் தசைகளும் சேர்ந்துதான் இழுக்கின்றன. காலை முன்னால் நீட்டிப் பாதத்தைக் கீழ்நோக்கி வைத்தால் அவை தொய்ந்துவிடும். காலை நாற்காலிக்கு அடியில் இழுத்து வைத்தால் கணுக்கால் மடங்கி, அவை விறைத்து, கூடுதலாக இழுக்கும். சந்தேகம் தீர அந்தப் பெரியவரையே இரண்டு விதமாகவும் உட்காரவைத்து அளந்தோம். உள்ளே இழுத்து வைத்தபோது 8.8, நீட்டி வைத்தபோது 7.1. அதே கால், அதே பத்து நிமிடம்.

அன்றைக்கு முழுவதும் ஓரமாக நின்று மற்றவர்களையும் கவனித்தோம். ஒருவர் ஸ்டூலின் விளிம்பை இறுக்கிப் பிடித்து, பல்லைக் கடித்து, உடம்பையே பின்னால் சாய்த்து இழுக்கிறார். இன்னொருவருக்குக் குதிகால் தூக்கிக்கொள்கிறது. கடைப் பையன்களில் ஒருவன் "இழுங்க, இன்னும் இழுங்க!" என்று கத்துகிறான், மற்றவன் வாயே திறப்பதில்லை. இதெல்லாம் சீட்டில் ஏறுகிற எண்ணைக் கூட்டும், குறைக்கும்.

அதனால் இனி எல்லோருக்கும் ஒரே முறைதான். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் 90 டிகிரியில் இருக்கும்படி ஸ்டூலின் உயரத்தைச் சரிசெய்வோம். குதிகால் மரக்கட்டையில் ஒட்டியிருக்க, கணுக்காலுக்குப் பட்டை. கைகள் மார்பில் குறுக்கே. பாதத்தில் ஈரமோ எண்ணெயோ இருந்தால் விரல் வழுக்கும், துடைத்துவிடுவோம். புதிதாக வருகிறவருக்கு எப்படி இழுப்பது என்றே முதலில் பிடிபடாது, ஆகவே இரண்டு முறை சும்மா பழக்கம். அப்புறம் மூன்று முறை, ஒவ்வொன்றும் 3 விநாடி, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. மூன்றின் சராசரியைத்தான் சீட்டில் எழுதுவோம். கத்தல் கிடையாது, "இழுங்க", "விடுங்க" என்ற இரண்டு சொல் மட்டும்.

இவ்வளவு செய்தும் எண் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். கடையில் நாங்கள் நால்வரும் ஒரு வாரம், எந்தப் பயிற்சியும் செய்யாமல், தினமும் அளந்து பார்த்தோம். ஒரே ஆளுக்கே ஒரு கிலோ வரை ஏறி இறங்கியது. ஆகவே உங்கள் சீட்டில் அரை கிலோ கூடியிருந்தால் சந்தோஷப்படவும் வேண்டாம், குறைந்திருந்தால் கவலைப்படவும் வேண்டாம்.

சிலர் விசிட்டிங் கார்டு சோதனையைப் பற்றிக் கேட்டீர்கள். பெருவிரலுக்கு அடியில் கார்டை வைத்து நாங்கள் இழுப்போம், நீங்கள் அழுத்திப் பிடிக்க வேண்டும். தொழுநோயால் பாதத்தின் சின்னத் தசைகள் செயலிழந்திருக்கிறதா என்று பார்க்கப் பயன்பட்ட எளிய சோதனை அது. பிடிக்க முடிகிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்லும், எவ்வளவு பலம் என்று சொல்லாது. தரை வழவழப்பாக இருந்தால் விடையே மாறிவிடும். விரல் நேராக இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நுனி வளைந்து தரையைக் கீறுவது போல் பிடித்தால் அது கெண்டைக்கால் தசையின் வேலை. எங்கள் மெஷினும் இரண்டையும் சேர்த்துத்தான் அளக்கிறது, உள்ளங்கால் தசையை மட்டும் தனியாகப் பிரித்துக் காட்டாது. அப்படிக் காட்டும் என்று எங்கள் பலகையில் எழுதியிருந்ததை அழித்துவிட்டோம்.

பழைய சீட்டில் உள்ள எண்ணைப் புதியதோடு ஒப்பிட வேண்டாம். சீட்டை எடுத்துக்கொண்டு வந்தால் காசு வாங்காமல் மறுபடி அளந்து தருகிறோம். காலில் புண், கொப்புளம், வீக்கம் இருப்பவர்களுக்குப் பட்டை மாட்ட மாட்டோம், முதலில் டாக்டரைப் பாருங்கள். வரும்போது முழங்கால்வரை சுருட்டக்கூடிய பேண்ட்டோ வேட்டியோ அணிந்து வந்தால் கோணம் பார்க்க எங்களுக்கு வசதி.

இப்படிக்கு,
உங்கள் செருப்புக் கடையார்