நாற்காலிச் சத்தம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். பயணம் இருக்கும், பயிற்சி இருக்கும், நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. இத்துடன் வரும் பார்சலில் அம்மா இட்லிப் பொடியும் சுண்டவத்தலும் வைத்திருக்கிறாள். அக்காவுக்கு ஏழாம் மாதம், இந்தத் தடவை கால் வீக்கம் இல்லை. சோழவந்தான் விவகாரம் அப்படியே கிடக்கிறது, உன் சித்தப்பா இறங்கி வருகிற மாதிரி தெரியவில்லை. மற்றதெல்லாம் அப்புறம்.

எனக்குப் பங்குனி, சித்திரைக்கு நாடகத் தேதி நிறைய. மேலூர்ப் பக்கம்தான் அதிகம். நாடகம் இல்லாத ராத்திரியிலும் விடிய விடிய முழித்துப் பழகிய கண் மூட மாட்டேன் என்கிறது. அதனால் அக்காவின் பெரியவன் போனில் உன் மாதிரி மேடை மல்யுத்தம் ஆடுகிறவர்கள் கொடுத்த பேட்டிகளைப் போட்டுத் தருகிறான். வேஷத்தைக் கலைத்துவிட்டு மனம் திறந்து பேசுகிற பேட்டிகள். அவன் பாதியைத் தமிழில் சொல்வான், மீதியை நானே ஊகித்துக்கொள்வேன்.

நீ சின்ன வயதில் டிரம்ப் கார்டில் வைத்திருந்தாயே அண்டர்டேக்கர், அந்த ஆள் இப்போது பேட்டி கொடுக்கிறார்! 1990ல் அந்த வேஷத்தில் வந்தவர் 2020ல்தான் ஓய்வு சொன்னார். ரொம்ப காலம் வெளியிலும் வேஷத்தைக் காப்பாற்றியிருக்கிறார். இப்போது தொப்பி போட்டுக்கொண்டு சிரித்துச் சிரித்துப் பேசுகிறார். எனக்கு என்னவோ மாதிரி இருந்தது. விடிந்ததும் முருகன் வேஷக்காரர் பீடி பிடிப்பதை நீ ஒருமுறை பார்த்துவிட்டு அழுதாயே, அதுதான் ஞாபகம் வந்தது.

"பூரா டூப்பு" என்று உன் மாமா சொன்னதற்கு அவரோடு ஒரு மாசம் பேசாமல் இருந்தவன் நீ. அமெரிக்காவில் அண்டர்டேக்கர் ஆடிய மல்யுத்தக் கம்பெனியே 1989ல் நியூ ஜெர்சி மாநில செனட்டில் போய், இது போட்டி இல்லை, கேளிக்கைதான் என்று சொல்லிவிட்டதாம். விளையாட்டு என்றால் ஆணையத்தின் கட்டுப்பாடு, வரி எல்லாம் உண்டு, அதிலிருந்து தப்பிக்கத்தான். நம்மூரில் கேளிக்கை என்றதும் சினிமாக் கொட்டகையில் வரி வாங்கினார்கள், அங்கே கேளிக்கை என்று சொல்லி வரியிலிருந்து தப்பித்திருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள்தான்.

யார் ஜெயிப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துவிடுவார்கள் என்பது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை. வள்ளி திருமணத்தில் முருகன் வள்ளியைக் கட்டுவான் என்று தெரியாமலா ஜனம் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறது? நான் கூர்ந்து கேட்டது நடுவில் இருப்பதை எப்படி வகுக்கிறார்கள் என்பதைத்தான். ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் 1987ல் அந்தக் கம்பெனியின் வருஷாந்தரப் பெரிய நிகழ்ச்சியான ரெஸில்மேனியாவில் ஆடிய ஆட்டத்தை ஒவ்வொரு அடியாக எண் போட்டு எழுதி, ஒருவரையொருவர் பாடம் ஒப்பிக்கச் சொல்லிப் பழகியிருக்கிறார்கள். ரிக் ஃபிளேர் மாதிரி ஆட்கள் முடிவை மட்டும் வைத்துக்கொண்டு, பிடியில் இருக்கும்போதே காதுக்குள் அடுத்ததைச் சொல்லி ஆடியே கொண்டுபோய்விடுவார்களாம். ரெஃப்ரீ காதில் கருவி வைத்துக்கொண்டு, இன்னும் எத்தனை நிமிஷம் என்ற தகவலை இரண்டு பேருக்கும் கடத்துகிறார்.

எனக்கு இந்த இரண்டாவது ரகம்தான் பிடித்தது, ஏன் என்று உனக்கே தெரியும். எங்கள் நாடகத்திலும் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் திண்டுக்கல்லிலிருந்து வரும், மேடையில்தான் முதல்முறையாக முகத்தைப் பார்ப்பார்கள். தர்க்கம் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஹார்மோனியக்காரர் பிடித்துக்கொண்டு போவார், நான் ஆல்ரவுண்டில், அதாவது சத்தம் கொடுக்கிற தாள வாத்தியங்களில், உட்கார்ந்து அடிக்கு அடி சத்தம் கொடுப்பேன். பபூன் விழுவான், டமார் என்னிடமிருந்து வரும். உங்கள் மேடையில் அந்த வசதி இல்லை. பலகைக்கு மேல் கொஞ்சம் பஞ்சு, அதற்கு மேல் கித்தான், அடியில் வெற்றிடம். சத்தம் முழுவதும் உங்கள் முதுகிலிருந்துதான் வரவேண்டும். தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் தரையை அறைந்து, முதுகு முழுதும் பரவும்படி விழ வேண்டும் என்று நீ அம்மாவின் மெத்தையில் விழுந்து காட்டினாயே. பின்மண்டை மட்டும் தரையில் படவே கூடாது என்று நீதான் சொன்னாய்.

சொன்னவன் நீ, அதை ஞாபகம் வைத்துக்கொள்.

பெருமையாகவும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். அந்தத் திருவிழா ஆட்டத்தில் நீ வில்லனாக வந்து ஜனத்தைப் பார்த்து வாயில் விரலை வைத்து "சத்தம் போடாதே" என்று காட்டியதும் ஒரு கிழவி செருப்பைக் கழற்றி எறிந்தாளே! பாஷை தெரியாத ஊரில் ஒரு வார்த்தை பேசாமல் அவ்வளவு கோபத்தை வாங்குவது லேசா? நாடகச் சங்கத்து வாசலில் அதைப் போட்டுக் காட்டினேன். மிருதங்கக்காரர், "இது உன் பிள்ளை அல்ல, உன் தாளம்" என்றார். உன் மாமாவும் பார்த்தார். டூப்பு என்று சொல்லவில்லை.

ஆனால் போன மாதத்து வீடியோவை நான் யாருக்கும் காட்டவில்லை.

பேட்டிகளில் கேட்டதைச் சொல்கிறேன், உன்னைச் சொல்லவில்லை. மடக்கு நாற்காலியால் முதுகில் அடித்தால் தகடு முழுதும் படியும், பளார் என்று விரிந்த சத்தம் வரும். எரியும், சிவக்கும், அவ்வளவுதான். தலையில் அடித்தால் விரியாது, ணங் என்று குறுகி நின்றுவிடும். அந்தப் பெரிய கம்பெனியில் 2010லேயே தலையில் நாற்காலியால் அடிப்பதற்குத் தடை போட்டுவிட்டார்கள். அத்தனை கோடி புரளுகிற இடத்திலேயே வேண்டாம் என்றதை ஒரு திருவிழா மேடையில் யார் கேட்டார்கள்? எனக்குக் கண் மங்கலாக இருக்கலாம். காதில் கோளாறு கிடையாது.

நிஜமாகவே அடிபட்டால் ரெஃப்ரீ இரண்டு கையையும் தலைக்கு மேலே பெருக்கல் குறி மாதிரி தூக்குவாராம். கீழே கிடக்கிறவன் கையை எதிராளி பிடிப்பான், இவன் அழுத்தினால் பரவாயில்லை என்று அர்த்தமாம். நான் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நீ விழுந்ததும் ரெஃப்ரீ குனிகிறார், எடுத்தவன் போனைக் கூட்டத்துப் பக்கம் திருப்பிவிடுகிறான். திரும்பி வரும்போது உன்னைத் தோளில் தாங்கிக் கூட்டிப் போகிறார்கள். வில்லன் தோற்றால் அப்படித்தான் தாங்கிப் போவார்கள் என்று பெரியவன் சொல்கிறான். இருக்கலாம்.

மிக் ஃபோலி என்று ஒருவர். 1998ல் பிட்ஸ்பர்க்கில், 16 அடி உயரக் கூண்டின் மேலிருந்து அண்டர்டேக்கர் அவரைத் தூக்கி எறிந்தது பேசி வைத்த விழுகை. அப்புறம் எழுந்து மறுபடி மேலே ஏறினார். இரண்டாம் தடவை கூரைக் கம்பிவலை பிய்ந்துகொண்டு உள்ளே விழுந்தாரே, அதை யாரும் பேசி வைக்கவில்லை. அவர் தெளிவதற்கு நேரம் வேண்டுமென்று டெரி ஃபங்க் என்ற பெரியவர் உள்ளே வந்து, அடி வாங்கி, காலில் போட்டிருந்த ஷூ கழன்று விழ ஆட்டத்தை இழுத்துக் கொடுத்திருக்கிறார். ஸ்திரீபார்ட் மயங்கிவிட்டால் ஹார்மோனியக்காரர் ஒரே பாட்டை இழுப்பாரே, அந்த வேலை. எழுந்து கை எடுத்துக் கும்பிட்டேன். ஃபோலி பிறகு தரையில் டிராயிங் பின்களைக் கொட்டி, அதன் மேலேயே விழுந்தார். ஆனால் உள்ளே போனதும் கேட்டாராம், "நான் பின் போட்டேனா?" என்று. பின் அவர் உடம்பிலேயே குத்திக்கொண்டிருந்தது. போட்டதே ஞாபகம் இல்லை.

அண்டர்டேக்கரும் அதையேதான் சொல்கிறார். 2014 ரெஸில்மேனியாவில் பிராக் லெஸ்னரிடம் தோற்ற ஆட்டம் அவருக்குத் துளிகூட ஞாபகமில்லை. அந்த நிகழ்ச்சியில் இருபத்தொன்று ஜெயித்த பிறகு வந்த முதல் தோல்வி, உலகமே பார்த்தது, அவர் மட்டும் பார்க்கவில்லை.

பிரெட் ஹார்ட் இருக்கிறாரே, எதிராளியை ஒருநாளும் காயப்படுத்தியதில்லை என்று பேட்டிக்குப் பேட்டி சொல்கிறார். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். அவருக்கு 1999 டிசம்பரில் எதிராளி கோல்ட்பெர்க்கின் உதை தலையில் பட்டது. அதோடு நிறுத்தாமல் மேலும் சில ஆட்டம் ஆடினார். மறுவருஷம் தொழிலே போய்விட்டது.

போன தடவை பேசியபோது அக்கா வீட்டுக்காரர் பெயரை யோசித்து யோசித்துச் சொன்னாய். லைன் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று வீடியோ காலில் திரையை மூடச் சொன்னாய். அங்கே வெயில் அதிகம் போல.

தலையை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டு. உடன் ஆடுகிறவர்களிடம் கேட்காதே, அவர்கள் தண்ணீரைத் தெளித்து எழுப்பிவிடுவார்கள். ஸ்கேன் எடுக்கச் சொன்னால் எடு, காசு அனுப்புகிறேன், பாகனேரிக்காரர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார். டாக்டர் விடச் சொன்ன நாளை விட்டுவிடு, அதற்கு முன்னால் மேடை ஏறாதே. ஏறினால்தான் சம்பளம் என்பார்கள், எனக்கும் அதே கணக்குத்தான், தெரியும். அப்படியும் காட்டு.

அம்மாவிடம் அதெல்லாம் நடிப்பு என்று சொல்லி வைத்திருக்கிறேன். தலையாட்டினாள். அப்புறம் நான் மேலூர் போன ராத்திரி பெரியவனை உட்காரவைத்து அதையே போடச் சொல்லியிருக்கிறாள்.

நிஜாமுதீன் போகிற சம்பர்க் கிராந்தியில் டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். என் தேதிகளுக்கு வேறு ஆல்ரவுண்ட் கிடைப்பார், சங்கத்தில் பேசியாயிற்று. டெல்லியிலிருந்து உன் ஊருக்கு எப்படி வருவது என்று மட்டும் எழுது. டாக்டர் சீட்டைப் படமெடுத்து அக்கா நம்பருக்கு அனுப்பிவிட்டாயானால் டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிடுகிறேன். கொஞ்சம் காசு பிடிப்பார்கள், பரவாயில்லை.

அன்புடன்,
அப்பா