இந்த முறை ஒருவரும் பை காக்க வேண்டாம்

உவர்மலை,
திருகோணமலை.

அன்புள்ள மகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய திட்டத்தை அப்பா கடையில் கொடுத்துப் பெரிய எழுத்தில் அச்செடுத்துக்கொண்டு வந்தார். விறாந்தையில் இருந்து இரண்டு தரம் வாசித்தோம். பத்தொன்பது பெண்கள், எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள், சின்னப் பிள்ளைகள் ஒருவரும் இல்லை, ஒரு முழு நாள் பாரிஸ் டிஸ்னிலாந்து, வழிகாட்டி நீ. வாசித்து முடிய எனக்குக் கண் கலங்கிவிட்டது. போனில் சொன்னால் பாதியை நான் மறந்துவிடுவேன், நீயும் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் "சரி அம்மா, சரி அம்மா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

2017 இல் எங்களை அங்கே கூட்டிப்போனாயே, நான் அங்கே என்ன பார்த்தேன் என்று உனக்குத் தெரியுமா? ஆட்கள் இருக்கிற ஒரு வாங்கைப் பார்த்தேன். கோட்டைக்கு முன்னால் ஒரு மரத்தடி. என் காலடியில் ஐந்து பை, பக்கத்தில் பிள்ளை வண்டி, மடியில் மருமகனின் குளிர்ச்சட்டை, சுண்டு விரலில் பேரனின் பலூன் நூல். நீங்கள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கி வந்து, "அம்மா இன்னும் கொஞ்ச நேரம்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்கு ஓடினீர்கள். உன்னைக் குறை சொல்லவில்லை, மகள். நானும்தான் "நீங்கள் போங்கோ, நான் சாமான் பார்க்கிறேன்" என்று சொன்னேன். அப்படிச் சொல்லித்தானே பழகியிருக்கிறோம்.

அதே வாங்கில் இன்னொரு தமிழ் அம்மா இருந்தார், அவரைச் சுற்றியும் நாலு பை. எந்த ஊர் என்று கேட்டேன், மூதூர் என்றார். துறையடிக்குப் போனால் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் தெரிகிற ஊர், அங்கே பாரிசில் ஒரு வாங்கில் சந்தித்தோம். பேரப்பிள்ளைகளோடு அது அவருக்கு நாலாவது தரமாம். "எதில் எல்லாம் ஏறினீங்கள்?" என்று கேட்டேன். "ஒன்றிலும் இல்லை. சாமான் பார்க்க ஆள் வேண்டுமே" என்றார். கொண்டுவந்த மிக்சரைப் பிரித்து எனக்கும் தந்தார். உன் பட்டியலில் பதினோராவது பெயருக்குப் பக்கத்தில் மூதூர் என்று போட்டிருக்கிறாய். அவராகவே இருக்குமோ என்று நேற்று இரவெல்லாம் யோசித்தேன்.

வரும்போது ரெயினில் நீதான் ஒரு கதை சொன்னாய், ஞாபகமா? வால்ட் டிஸ்னி தன் இரண்டு பெண் பிள்ளைகளையும் லொஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கிரிபித் பார்க்குக்குக் கூட்டிப்போவாராம். பிள்ளைகள் சுற்றுகிற குதிரையில் ஏறிச் சுற்றுவார்கள், தகப்பன் வாங்கில் இருந்து கச்சான் கொறிப்பாராம். பெற்றவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து சந்தோஷப்பட ஓர் இடம் இருந்தால் என்ன என்று அந்த வாங்கில் இருக்கும்போதுதான் அவருக்குத் தோன்றியதாம். 1955 ஆடி மாதம் 17ஆம் திகதி கலிபோர்னியாவில் முதல் டிஸ்னிலாந்து திறக்க அதுதான் தொடக்கம். நீ அதைச் சொன்னபோது என் கால் இரண்டும் வீங்கியிருந்தது, நான் சும்மா தலையாட்டினேன். ஆனால் அந்தக் கதை இவ்வளவு நாளும் மனதை விட்டுப் போகவில்லை. உன் ஆட்கள் உள்ளே நுழைந்ததும் கோட்டையைக் காட்டாதே. அந்த வாங்கில் கொண்டுபோய் இருத்தி இந்தக் கதையைச் சொல்லு. அதற்கு முதல், எல்லாருடைய பெரிய பைகளையும் வாசலடியில் சாமான் பாரம் கொடுக்கிற இடத்தில் கொடுத்துவிடு. அதற்குக் காசு போனால் போகட்டும், நான் தருகிறேன்.

இனித் திட்டத்துக்கு வருகிறேன். காலை ஒன்பதரையிலிருந்து இரவு வாணவேடிக்கை வரைக்கும் பதினாலு இடம் போட்டிருக்கிறாய். பிள்ளை, அது இருபது வயதுக்காரரின் திட்டம். ஆறு இடம் போதும். இரண்டு பூங்காவுக்கும் ரிக்கற் எடுக்காதே, கோட்டை இருக்கிற பழைய பூங்கா ஒன்றே ஒரு நாளுக்குத் தாராளம். காலையில் முதல் வேலையாகப் பூங்காவைச் சுற்றி ஓடுகிற அந்த நீராவி ரெயினில் எல்லாரையும் ஏற்று. கால் நோகாமல் இடம் முழுவதையும் ஒரு தரம் கண்ணால் பார்த்துவிடுவார்கள், எது எந்தப் பக்கம் என்று மனதில் பதிந்துவிடும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சக்கரம் வைத்த அந்த ஆற்றுக் கப்பல், பின்னேரம் பொம்மைகள் பாடுகிற படகு. இரண்டும் இருந்த இடத்திலேயே பார்ப்பவை, நித்திரை வந்தாலும் குற்றமில்லை.

கோட்டைக்கு மட்டும் முழுதாக ஒரு மணித்தியாலம் கொடு. மேலே கண்ணாடிச் சித்திரங்கள், கீழே குகைக்குள் 27 மீட்டர் நீளத்தில் அசைகிற பறவைநாகப் பொம்மை, டிராகன் என்பார்களே, அது. இதை நான் எப்படிப் பார்த்தேன் என்று உனக்குச் சொன்னதே இல்லை. பத்து நிமிடம் மருமகன் பைக்குக் காவல் இருந்தபோது தனியாக இறங்கிப் போனேன். இருட்டும் ஈரமுமாக இருந்தது. அது சங்கிலி போட்டுப் படுத்திருந்தது. மூச்சு விட்டுத் தலையை மெதுவாக நிமிர்த்திக் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தது. பக்கத்தில் ஒரு பிரெஞ்சுப் பிள்ளை பயத்தில் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது, நான் அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டேன். யாருக்குக் கூடப் பயம் என்று சொல்ல முடியாது. அந்தப் பத்து நிமிடத்துக்காக அவ்வளவு தூரம் விமானத்தில் வந்தது சரி என்று பட்டது.

கதை சொல்வதைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரரைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போகும்போது முந்தியெல்லாம் அங்குள்ள பழைய கோட்டையின் வாசலிலேயே தொடங்கிவிடுவேன். போர்த்துக்கேயர் கோயிலை இடித்து 1624 இல் அந்தக் கல்லாலேயே கோட்டை கட்டியது, பிறகு ஒல்லாந்தர், பிறகு ஆங்கிலேயர் என்று கொளுத்துகிற வெயிலில் நின்று ஒப்புவிப்பேன். அவர்கள் என் பேச்சைக் கேட்கவேயில்லை, மரத்தடியில் படுத்திருக்கிற மான்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இப்போது மானைப் பார்த்து முடிக்கும்வரை வாய் திறப்பதில்லை. "ஏன் இங்கே இவ்வளவு மான்?" என்று அவர்களாகவே கேட்பார்கள், அதில் பிடித்துக்கொண்டு கோயிலடிப் பாறைப் பிளவான இராவணன் வெட்டு வரைக்கும் கொண்டுபோய்விடலாம். கன்னியா வெந்நீர்க் கிணறுகளிலும் அப்படித்தான். ஏழு கிணற்றில் எது கூடச் சூடு என்று நான் சொல்லமாட்டேன். "நீங்களே பார்த்துச் சொல்லுங்கோ" என்று வாளியைக் கையில் கொடுத்துவிடுவேன். எழுபது வயது மனிசிகள் ஈரச் சேலையோடு ஒரு கிணற்றிலிருந்து மற்றக் கிணற்றுக்கு ஓடி, "இல்லை, இதுதான் கூட" என்று சண்டை பிடிப்பதை நீ பார்க்கவேண்டும்.

டிஸ்னியிலும் கேள்வி கேட்டு விடு. கலிபோர்னியாவில் உள்ள கோட்டை வெறும் 77 அடிதானாம், மேலே போகப் போக எல்லாவற்றையும் சிறிதாக்கிக் கட்டிக் கண்ணுக்கு உயரமாகக் காட்டுகிறார்களாம். பாரிஸ் கோட்டை அதைவிட இரண்டு மடங்கு உயரம். அதை நீ சொல்லாமல், "எங்கள் கோபுரத்தில் மேல் நிலைகள் ஏன் சிறுத்துப்போகின்றன?" என்று கேள். ஒருத்தியாவது பிடித்துவிடுவாள். அப்புறம் அவளே மற்றவர்களுக்கு விளங்கப்படுத்துவாள், உனக்குத் தொண்டையும் மிச்சம்.

ஆட்களை எண்ணுகிற விஷயம். இதை எழுத எனக்கு இன்னும் கை கூசுகிறது. 2018 இல் எங்கள் ஒழுங்கைப் பெண்கள் முப்பத்து நாலு பேரை பஸ் பிடித்துப் பேராதனைப் பூந்தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். ஹபரணையில் தேத்தண்ணிக்கு இறங்கினோம். ஏறும்போது, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டேன், "ஓம்" என்று ஒரே குரலாகச் சொன்னார்கள். தம்புள்ளைக்குக் கிட்ட வந்த பிறகுதான் ஒரு அக்காவின் இருக்கையில் கைத்தொலைபேசி மட்டும் கிடப்பதைக் கண்டோம். பஸ்ஸைத் திருப்பிக்கொண்டு போனால், தேத்தண்ணிக் கடை வாசலில் கதிரையில் இருக்கிறார், கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி. அழவில்லை, என்னை ஏசவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு பிரயாணத்துக்கும் அவர் வரவில்லை. பிழை முழுக்க என்னுடையது.

அதனால் சோடி போடு. ஒவ்வொருவருக்கும் ஒரு சோடி, அந்த ஒரு ஆள் இருக்கிறாளா என்று பார்ப்பதுதான் அவளுடைய வேலை. நீ சோடிகளை மட்டும் எண்ணினால் போதும். முக்கியமாக ரெயினில். லா கூர்னேவிலிருந்து பி ரெயினில் வந்து ஷாத்லேயில் ஏ ரெயினுக்கு மாறுவீர்கள். அந்த ஏ ரெயின் வன்சென் தாண்டியதும் இரண்டாகப் பிரிகிறது, ஒன்று புவாசி-சென்-லெஜே (Boissy-Saint-Léger) பக்கம் போய்விடும். கதைத்துக்கொண்டே, எந்த ரெயின் வந்தாலும் அதில் ஏறிவிடுவார்கள், அதுதான் எனக்குப் பயம். மார்ன் லா வலே என்று பலகையில் பார்த்த பிறகுதான் ஏறவேண்டும் என்று சொல்லு. சரியான ரெயினில் ஏறிவிட்டால் பயமில்லை, கடைசித் தரிப்பில்தான் இறங்க வேண்டும், பூங்கா வாசலும் அங்கேயே. யாராவது தவறிப்போனால் வாசலுக்கு மேலே இருக்கிற அந்த ரோசா நிற ஹோட்டலின் மணிக்கூட்டுக்குக் கீழே வந்து நிற்கட்டும்.

திகதியைப் பற்றி அப்பா ஒன்று சொன்னார். அங்கே புதன்கிழமையில் கனக்கப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, அன்றைக்குச் சனம் கூடும். வெள்ளி வைத்தால் பாதிப்பேர் விரதம். பாரிஸ் லா சப்பல் பிள்ளையார் கோயில் தேர் முடிந்து, பள்ளிக்கூடம் தொடங்கி, நவராத்திரிக்கு முதல், புரட்டாதி மாதத்து ஒரு செவ்வாயோ வியாழனோ பார். மழை வந்தாலும் வாசலிலிருந்து கோட்டைப் பக்கம் வரைக்கும் கடைத்தெருவின் இரு பக்கமும் கூரை போட்ட நடைவழி இருக்கிறது.

ஐந்து பேருக்குச் சீனி வருத்தம் என்று எழுதியிருக்கிறாய். அப்படியென்றால் சாப்பாடு பன்னிரண்டு மணிக்கு, ஒன்றரைக்கு இல்லை. எல்லாருடைய குளிசைப் பெயரும் ஒரு துண்டில் உன்னிடம் இருக்கட்டும். நடக்கக் கஷ்டமான அந்த அன்ரிக்குச் சக்கர நாற்காலி வாடகைக்கு எடுக்கலாம். வரிசை முன்னுரிமை அட்டைக்குப் பத்திரம் காட்ட வேண்டும், அதை இப்போதே கேட்டு எடுத்து வை. மலைக்குள் ஓடுகிற அந்தச் சுரங்க ரெயினில் யாராவது ஏற ஆசைப்பட்டால் விடு, இதய வருத்தமும் நாரி நோவும் இல்லாதவராக இருந்தால் சரி. பகிடி பண்ணி ஒருவரையும் ஏற்றாதே. அதேபோல ஏற ஆசைப்படுகிறவளை, "உங்களுக்கு ஏன் இந்த வயதில்" என்று யாரும் சொல்லவும் விடாதே. இதில் நீ கொஞ்சம் கடுமையாக இரு.

ஏனென்றால் அந்தப் பூங்கா திறந்தது 1992 சித்திரை 12. அந்தச் சித்திரையில் நான் தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் தண்ணீர் வரிசையில் நின்றேன். 1990 இல் படகேறிப் போனவர்கள் நாங்கள். உன் பட்டியலில் உள்ளவர்களில் பாதிப்பேர் அந்த வருஷங்களில்தான் பாரிசுக்கு வந்து உணவகங்களில் கோப்பை கழுவினார்கள் என்று நீயே சொன்னாய். இருபது, இருபத்திரண்டு வயது. அந்த வயதில் விளையாட ஓர் இடமும் இருக்கவில்லை, பிறகு பிள்ளைகள், பிறகு பேரப்பிள்ளைகள், பிறகு அந்த வாங்கு. ஒருத்தி கப்பலில் இருந்து கைகொட்டிச் சிரித்தால், அவளோடு சேர்ந்து சிரி. படம் எடுக்க ஓடாதே.

கடைசியாக ஒரு கணக்கு. பத்தொன்பது பேர் என்றால் சோடி போட ஒருத்தி மிஞ்சுகிறாள். நீ வழிகாட்டி, உன்னைச் சோடியில் சேர்க்க முடியாது. பேரனின் பிறந்தநாளுக்கு வரச்சொல்லிக் கேட்டாய்தானே, கடவுச்சீட்டைப் புதுப்பிக்க அப்பா நாளைக்கே படிவம் எடுத்து வருகிறார். விசா கிடைத்தால் என்னை இருபதாவது ஆளாகப் போட்டுக்கொள். அந்த மூதூர் அக்காவுக்கு நான் சோடி. மிக்சர் இந்த முறை நான் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அம்மா